மும்பைத் தமிழர் திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல் ஜூலை தவிர எல்லா மாதமும் நடந்தது. ஜூலையில் மழையால் லோக்கல் ரயில் ஓடாததால் ரத்து செய்தோம். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கியாயிற்று.

இந்த ஆண்டின் பெரிய வேலை, செப்டம்பரில் ‘தும்பாட்’ படத்துக்கு எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். “செல்போனிலேயே இருக்கிற இந்திப் பேய்ப் படத்துக்குச் சங்கப் பணம் எதற்கு?” என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. அதற்கான பதில் அறிக்கையில் பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், அதை வெறும் பேய்ப் படம் என்று தள்ளிவிட முடியாது. செல்வத்தின் தேவிக்கு முதலில் பிறந்த ஹஸ்தர், தாயின் பொன்னுக்கும் தானியத்துக்கும் ஆசைப்படுகிறான். பொன் அவன் கைக்குப் போகிறது, தானியம் கிடைக்கவில்லை. அதனால் அவனுக்குத் தீராத பசி. கொங்கண் கிராமத்துப் பழைய மாளிகை ஒன்றின் அடியில், கருப்பை மாதிரி சிவந்து துடிக்கும் குழியில் ஹஸ்தர் இருக்கிறான். அதற்குள் படத்தின் நாயகன் விநாயக் ராவ் கயிற்றில் இறங்குகிறான். மாவால் வட்டம் போடுகிறான், மாவில் பிசைந்த பொம்மையை வீசுகிறான். ஹஸ்தர் அதைத் தின்னும் நேரத்துக்குள், ஹஸ்தரின் கோவணத்திலிருந்து கையில் அகப்பட்ட பொற்காசுகளைப் பறித்துக்கொண்டு விநாயக் ஏறிவிடுகிறான். 1918, 1933, 1947 என்று காலம் நகர நகர ஆசையும் வளர்கிறது. கடைசியில் காசு போதாது, கோவணத்தையே உருவிவிடலாம் என்று யோசனை சொல்வது விநாயக்கின் மகன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். அந்த இடத்தில் எனக்கு ஹஸ்தரை விட அந்தப் பையன்தான் பயமாக இருந்தான்.

ராஹி அனில் பர்வே இயக்கிய படம். விநாயக்காக நடித்த சோஹம் ஷாவே தயாரிப்பாளர்களில் ஒருவர். 2012-இல் தொடங்கிய படப்பிடிப்பு, மழைக்காகக் காத்திருந்து பல பருவங்களுக்கு நீண்டது. 2018-இல் வெனிஸ் திரைவிழாவின் விமர்சகர் வாரத்தைத் தொடங்கிவைத்த படம் இதுதான். ஃபிலிம்பேரில் பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவுக்கும், கலை இயக்கத்துக்கும், ஒலி வடிவமைப்புக்கும் விருது வந்தது. இத்தனை இருந்தும் 2018 அக்டோபர் 12-இல் வெளியானபோது தியேட்டரில் ஆள் இல்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால் அடுத்த வாரமே பெரிய படங்கள் வர, காட்சிகள் குறைந்துபோயின. வசூல் சுமார் 13 கோடி என்றார்கள். நம் சங்கத்திலும் அப்போது பேச்சு எழுந்தது. போகலாமா வேண்டாமா என்று பேசி முடிப்பதற்குள் படம் தியேட்டரை விட்டே போய்விட்டது.

அப்புறம் ஓடிடியில் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே படத்துக்குப் பெயர் வந்தது. 2024 செப்டம்பர் 13-இல் மறுபடி வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ‘கில்லி’ திரும்ப வந்தபோது நம்மில் பலர் விசிலடித்துப் பார்த்தோம். ஆனால் அது முதல் முறையே ஓடிய படம். தோற்ற படம் ஒன்று ஆறு வருடம் கழித்து வந்து 30 கோடிக்கு மேல் வசூலித்தது வேறு கதை. தனித்து நின்று எடுக்கிற ஒரு படம் தன் ரசிகர்களைப் போய்ச் சேர எத்தனை வருடம் ஆகிறது என்பதை நம் உறுப்பினர்கள் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். மேலும், இருட்டும் லாந்தர் வெளிச்சமும் மழைச் சத்தமுமாக எடுத்த படத்தைக் கைக்கடக்கமான திரையில் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

செப்டம்பர் 20, தேசிய சினிமா தினம். டிக்கெட் 99 ரூபாய் என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை வைத்தது தவறு என்று சிலர் சொன்னார்கள். முந்தைய ஞாயிறு விநாயகர் ஊர்வல நெரிசலில் டோம்பிவிலியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் யார் வந்திருப்பார்கள்? மாலைக் காட்சிதான், அலுவலகம் முடிந்து வர நேரம் இருந்தது.

வாட்ஸாப்பில் கட்டைவிரல் போட்டவர்களை நம்பி மொத்தமாக டிக்கெட் எடுத்தேன். விளக்கு அணைந்தபோது நம் வரிசையில் பாதிக்கு மேல் காலி. பின்னால் நின்று காலி இடம் தேடிய கல்லூரிப் பிள்ளைகள் அந்த இடங்களில் உட்கார்ந்து பார்த்தார்கள். வர முடியாதவர்கள் காலையிலேயே ஒரு வரி போட்டிருந்தால் டிக்கெட்டை வேறு உறுப்பினருக்குக் கொடுத்திருக்கலாம். டிக்கெட் பணத்தையும் பலர் இன்னும் தரவில்லை. பெயர்களை இங்கே எழுதவில்லை, பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது.

வந்தவர்களோடு அன்றிரவு மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டே பேசியது இந்த ஆண்டின் மிக நல்ல உரையாடல். படத்தில் சாகாமல் கிடக்கும் பாட்டியைப் பற்றிச் செம்பூரிலிருந்து வந்த மாமி ஒருவர் சொன்னது மறக்கவில்லை: “அந்தப் பாட்டி எதுக்கு சாகாம கிடக்கிறா? அவளுக்கு வேண்டியது சாப்பாடு மட்டும்தான். பேரனுக்கு வேண்டியதுதான் தங்கம்.” பாட்டியாக நடித்ததும் விநாயக்கின் மகனாக நடித்த முகமது சமத் என்ற சிறுவன்தான் என்று சொன்னதும் மேசையே வாயடைத்துப் போனது.

வரவு செலவைப் பொருத்தவரை, இரண்டும் ஏறக்குறைய சமம். கையிருப்பு சென்ற ஆண்டை விடக் கொஞ்சம் குறைவு. தும்பாட் டிக்கெட், அரங்க வாடகை உயர்வு, பழைய புரொஜெக்டருக்கு விளக்கு மாற்றியது ஆகியவை காரணம். விவரங்களைப் பொருளாளரின் ஏட்டில் பார்க்கலாம். சந்தா பாக்கி வந்திருந்தால் இந்தக் குறைவே இருந்திருக்காது. இரண்டு ஆண்டாகச் சந்தா தராதவர்களும் பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். வந்ததில் மகிழ்ச்சி. சந்தாவையும் செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அரங்கம் தந்தவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், ஒவ்வொரு மாதமும் நாற்காலி போட்டு எடுத்துவைத்த இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு, எந்த மொழியானாலும் தனித்து நின்று எடுத்த படம் ஒன்று வந்தால் முதல் வாரத்திலேயே போவதாகத் திட்டம். இந்த முறை முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே டிக்கெட். சந்தாவை ஜூன் 30-க்குள் பொருளாளரிடம் நேரிலோ ஜிபேயிலோ செலுத்தலாம். செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பம்தான். ஆனால் டிக்கெட் எடுக்க, போன் செய்ய, பணம் வசூலிக்க இன்னும் இரண்டு பேராவது கூட வேண்டும். முன்வருபவர்கள் இன்றைய கூட்டம் முடிவதற்குள் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

இவண்,
செயலாளர்