வர்க்கமூலம் 7-க்கும் இடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பகுதியில், வர்க்கமூலம் 7-இன் தசமம் முடியாது, அதனால் எண்கோட்டில் அதைச் சரியாகக் குறிக்க முடியாது, 2.65 என்று வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தீர்கள். பாதிதான் சரி. தசமம் முடியாது, உண்மை. ஆனால் அது எழுதுகிறவர்களின் பாடு. புள்ளி அதன் இடத்தில்தான் இருக்கிறது.

கவராயமும் அடிக்கோலும் போதும். எண்கோட்டில் −1-க்கும் 7-க்கும் நடுப்புள்ளி 3. அதை மையமாக வைத்து, ஆரம் 4 எடுத்து, கோட்டுக்கு மேலே ஓர் அரைவட்டம் போடுங்கள். 0-இல் செங்குத்தாக ஒரு கோடு எழுப்பினால் அது அரைவட்டத்தைத் தொடும். அந்த உயரம் என்ன? பிதாகரஸ் தேற்றப்படி, ஆரம் 4-இன் வர்க்கமான 16-இல், மையத்திலிருந்து 0 வரையுள்ள 3-இன் வர்க்கமான 9 போக மிச்சம் 7, அதன் வர்க்கமூலம். கவராய முனையை 0-இல் ஊன்றி அந்த உயரத்தைக் கோட்டின் வலப்பக்கம் இறக்குங்கள். அவ்வளவுதான். 7-க்குப் பதில் 11 என்றாலும் இதே வழிதான், மையம் 5-க்கும் ஆரம் 6-க்கும் மாறும்.

நான் தச்சன். தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டமும் செய்வேன். 70 செ.மீ. சதுரச் சட்டத்துக்கு மூலைவிட்டக் கட்டை 99 செ.மீ. என்று வெட்டினால் கச்சிதமாக உட்காரும். ஆனாலும் கணக்குப் போட்டால் 99-இன் வர்க்கம் 9801, 70-இன் வர்க்கம் இரண்டு மடங்கு 9800. அந்த ஒன்று எப்போதும் இடிக்கும். எந்தப் பின்னத்தை எடுத்தாலும் வர்க்கமூலம் 2 சரியாகக் கிடைக்காது. பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பாருங்கள், கேட்காமலே அதைக் கொடுத்துவிடுகிறது.

வர்க்கமூலம் 2-இன் மேல் 1 உயரம் எழுப்பி வர்க்கமூலம் 3, அதன் மேல் இன்னொன்று வைத்து வர்க்கமூலம் 4 என்று நத்தைச் சுருளாக வரைவதும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் வர்க்கமூலம் 17 வரை போவதற்குள் பென்சில் தடிப்பெல்லாம் சேர்ந்து பிசகிவிடும். அது வேண்டுமென்றால், செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 4-உம் 1-உம் ஆன ஒரு முக்கோணமே போதுமே!

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை-யின் (π) கதை வேறு. அதைக் கவராயத்தாலும் அடிக்கோலாலும் குறிக்க முடியாது என்பது 1882-இல் ஜெர்மானியக் கணிதர் லிண்டெமான் நிறுவியதிலிருந்து தெரிந்த விஷயம். இரண்டையும் ஒரே கூடையில் போட வேண்டாம்.

இங்கே பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில் படித்து, கிரியோலில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் தமிழில் கணக்கு வருவது உங்கள் பக்கத்தில்தான். அடுத்த இதழில் அந்த அரைவட்டப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பக்கத்தில் வரைந்து பார்க்கக் கொஞ்சம் வெற்றிடமும் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரோஸ்ஹில், மொரீசியஸ்.