காலி மாவட்டத்து வாக்காளர் பட்டியல்

குமுளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐந்து நாட்களாக ஐப்பசி மழை விடவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போக முடியாததால் உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா உன் இருமலைப் பற்றிய வரியை மட்டும் படித்தாள்.

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் உன் வீட்டுக்கார அம்மா, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் அப்காசியாவின் தலைநகர் சுகுமியிலிருந்து 1993இல் போருக்குத் தப்பி வந்தவர் என்றும், அப்காசியாவில் நடப்பது தேர்தலல்ல, நாடகம் என்கிறார் என்றும் எழுதியிருந்தாய். இத்தனை தேர்தல் டியூட்டி பார்த்த அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தாய். வீட்டுக்கார அம்மாவிடம் வாதாடாதே. ஆனால் நாடகம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

நாடகமென்றால் முடிவு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2004 அக்டோபரில் நடந்த அதிபர் தேர்தலில் மாஸ்கோவின் ஆதரவு ரவுல் காஜிம்பாவுக்கு இருந்தது. அதிக வாக்கு வாங்கியவரோ செர்கேய் பகாப்ஷ். தகராறு முற்றியது, ரஷ்யா அப்காசியாவின் ஆரஞ்சுப் பழங்களை எல்லையில் தடுத்தது. செக்போஸ்ட்டில் சரக்கு நின்றால் விவசாயி வயிறு என்ன பாடுபடும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? கடைசியில் இருவரும் ஒரே அணியாகி, 2005 ஜனவரியில் மறுதேர்தலில் வென்றார்கள். பகாப்ஷ்தான் அதிபர். சோமாலியாவிலிருந்து அதே போலப் பிரிந்து நிற்கும் சோமாலிலாந்தைப் பார். 2003இல் அங்கே அதிபர் தேர்தலின் முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் வெறும் 80 வாக்குகள். தோற்றவர் நீதிமன்றத்துக்குப் போனார், துப்பாக்கியைத் தூக்கவில்லை. உலகில் பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்காத இடத்திலும் ஓட்டுக்கு மதிப்பு இருக்கலாம் பாப்பா.

ஆனால் நான் பூத்தில் முதலில் பார்ப்பது பெட்டியை அல்ல, பட்டியலை. 1989 கணக்கெடுப்பில் அப்காசியாவின் ஐந்தேகால் லட்சம் பேரில் ஜார்ஜியர் ஏறத்தாழ 46%. அப்காசியர் 18%க்கும் குறைவு. போர் முடிந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர் வெளியே நின்றார்கள். உள்ளே மிஞ்சியவர்களை வைத்துத்தான் எல்லாத் தேர்தலும். அதிபர் அப்காசியராகத்தான் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜார்ஜியர் திரும்பிக் குடியேறிய ஒரு மாவட்டத்தின் பெயர் காலி. நம் மொழியில் படித்தால் திடுக்கென்கிறது. 2014 தேர்தலுக்கு முன், கையிலிருந்த அப்காசிய பாஸ்போர்ட் செல்லாது என்று அந்தப் பக்கத்தில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அடித்துவிட்டார்கள்.

அப்காசியருக்கும் பயம் இருக்கிறது. 1992 ஆகஸ்டில் ஜார்ஜியப் படை சுகுமிக்குள் புகுந்ததை அவர்கள் மறக்கவில்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து ஓட்டுப் போட்டால் ஊர் ஒரே நாளில் கைமாறிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஒரு தேர்தலில், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பட்டியல் பார்த்துப் பெயர் வாசிக்கும் அலுவலர் நான். கொளுந்து எடுக்கும் பெண் ஒருத்தி அரைநாள் கூலியை விட்டு வந்து நின்றாள். அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. தேனியிலும் இங்கேயுமாக இரண்டு ஓட்டு வைத்திருப்பவர்களை நீக்குகிறோம் என்று இவளையும் சேர்த்து நீக்கியிருந்தார்கள். அவளுக்குத் தேனியில் ஓட்டே கிடையாது. "அட்டை தந்ததும் சர்க்கார்தானே சாரே" என்றாள். நான் விதியைச் சொல்லி அனுப்பினேன். அன்றைய அறிக்கையில் வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளையும் அந்த இரண்டு லட்சம் பேரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இவள் விண்ணப்பம் கொடுத்து அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டாள், நானே பார்த்தேன். உன் வீட்டுக்கார அம்மா அந்த விண்ணப்பத்தை எந்த ஆபீசில் கொடுப்பார்?

அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் பையனிடம் அரைக்கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்புகிறேன். பாதி அவருக்கு. கொடுக்கும்போது, சுகுமியில் கடைசியாக எந்த ஆண்டு ஓட்டுப் போட்டார், பூத் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று கேட்டு எழுது.

உன் அப்பா