தண்ணீர் வரும் நாளைச் சொல்லுங்கள், டிரம்மை நாங்கள் கழுவுகிறோம்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊரில் மூன்று பேருக்கு டெங்கு வந்தது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு வாரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்ததும் தெரியும். அடுத்த வாரமே கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதும், பதினோரு வீடுகளுக்கு அபராதம் போட்டதும் உங்கள் கைக்கு வந்த அறிக்கையில் இருக்கும். எங்கள் எதிர்வீட்டு அப்பத்தாவின் டிரம் அதில் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். அந்த டிரம்மைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. தனியாக இருக்கிறார். முதியோர் உதவித்தொகையில்தான் காலம் ஓடுகிறது. அன்றைக்கு அவர் டிரம்மில் கொசுப்புழு நெளிந்தது உண்மை. நானே டார்ச் அடித்துப் பார்த்தேன், மறுக்கவில்லை. பணியாளர்கள் டிரம்மை வாசலில் கவிழ்த்தார்கள். 500 ரூபாய்க்கு ரசீது எழுதிக் கையில் கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வந்து அது நான்காவது நாள். மறுபடி தண்ணீர் வந்தது எட்டு நாள் கழித்து. அந்த எட்டு நாளும் வண்டித் தண்ணீரைக் குடம் பத்து ரூபாய் கொடுத்து வாங்கினார். நாளுக்கு ஐந்து குடம், எட்டு நாளுக்கு நானூறு ரூபாய். அபராதத்தையும் சேர்த்தால் தொள்ளாயிரம். அவருடைய உதவித்தொகையில் மீதி என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு இழந்தும் கொசு ஒழிந்ததா என்றால், இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்தை ஒட்டி, டிரம்மின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் புழு சாகும், முட்டை சாகாது. அது காய்ந்து மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றி நனைந்ததும் பொரிக்கும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்தால்தான் முட்டை போகும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் உங்கள் துறையின் கிராம சுகாதார செவிலியர்தான். கவிழ்த்துவிட்டுப் போனவர்கள் தேய்க்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தினக்கூலிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள், பொழுது சாய்வதற்குள் இத்தனை வீடு பார்த்து முடிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு. ஆனால் நல்ல தண்ணீர் மண்ணில் போனது, முட்டை டிரம்மிலேயே இருந்தது. எட்டாம் நாள் அப்பத்தா அதே டிரம்மில்தான் தண்ணீர் பிடித்தார்.

'வாரம் ஒருமுறை டிரம்மைக் கழுவு என்று சொன்னோமே, ஏன் கழுவவில்லை?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கேட்க அவர்கள் நிற்கவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். எங்கள் ஊர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. தண்ணீர் எட்டு நாளில் வரலாம், பன்னிரண்டு நாளிலும் வரலாம். எந்த நாள் என்று தொட்டி திறந்துவிடுபவருக்கே தெரியாது. அடுத்த தண்ணீர் எப்போது என்று தெரியாத பெண், டிரம்மின் அடியில் கிடக்கும் நாலு குடம் தண்ணீரை எப்படிக் கீழே ஊற்றுவாள்? ஊற்றமாட்டாள். புதுத் தண்ணீர் வரும்போது பழசின் மேலேயே பிடிப்பாள். முட்டை புழுவாகிக் கூண்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க, நம் ஊர் வெயிலுக்கு ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் போதும். எங்கள் தண்ணீர் முறையும் கொசுவின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒரே கணக்கில் ஓடுகின்றன. டெங்கு எங்கள் ஊரில் ஏன் நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். தண்ணீர் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள். அதற்கு முந்தின நாள் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் டிரம்மையும் சிமெண்டுத் தொட்டியையும் கழுவித் தேய்த்துக் கவிழ்ப்பதை எங்கள் மகளிர் குழுக்கள் பார்த்துக்கொள்ளும். மூடி இல்லாத டிரம்முக்கு வேட்டித்துணி போட்டு சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுவதையும் பார்த்துக்கொள்வோம்.

இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடமும் ஏற்கெனவே இருக்கிறது. 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வந்தபின், ஊருக்கு ஊர் கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு அமைக்கச் சொன்னார்கள். ஊராட்சித் தலைவர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஊரின் நோய்நொடியைப் பேசி, ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரையிலான நிதியை என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டும். சுகாதாரமும் குடிநீரும் ஒரே குழுவின் பெயரில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அப்பத்தாவின் டிரம் தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊரில் அந்தக் குழு எனக்குத் தெரிந்து ஒரு முறைகூட வட்டமாக உட்கார்ந்ததில்லை. தீர்மானப் புத்தகம் மட்டும் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் 'பிறகு எழுதிக்கொள்வோம்' என்பார்கள். நானும் இரண்டு முறை போட்டிருக்கிறேன், அது என் தவறு. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபின் அந்தப் புத்தகமும் வருவதில்லை.

1978இல் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அறிக்கை, தங்கள் உடல்நலத்துக்கான திட்டமிடலிலும் செயல்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை இரண்டும் என்று சொன்னது. திட்டமிடல் என்ற சொல் அதில் முதலில் இருக்கிறது. எங்களை யாரும் திட்டமிடக் கூப்பிடுவதில்லை. பேரணிக்குக் கூப்பிடுகிறார்கள். உறுதிமொழி எடுக்கக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'விழிப்புணர்வு' என்று பெயர். ஐயா, எங்கள் ஊரில் தண்ணீர் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் குடத்தோடு விழித்திருப்பவர்கள் நாங்கள். எங்களைத் தூங்குகிறவர்களாக நினைத்துப் பேசும்போது நெஞ்சு கொதிக்கிறது.

2012இல் டெங்குவால் தமிழ்நாட்டில் 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,000 பேருக்கு மேல் நோய் கண்டு 65 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் பேரணிக்குக் குறைவில்லை. குடிக்கும் தண்ணீர் வழியாகப் பரவிய நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். அதற்குத் தடுப்பூசியும் கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தும், படிக்கிணற்றில் இறங்குவதை விட்டும் ஊர்மக்கள் கூடவே நின்றதால் ஒழிந்தது. 2000இல் இந்தியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரை வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் காக்க முடியாது.

கோபத்தில் சொற்கள் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறேன். குழுவை மாதம் ஒருமுறை எங்கள் ஊரில் கூட்டுங்கள். தொட்டி திறந்துவிடுபவரும், குடிநீர்த் திட்டப் பொறியாளர் ஒருவரும், கொசுப் பணியாளர்களின் மேற்பார்வையாளரும் ஒரே பாயில் எங்களோடு உட்காரட்டும். தண்ணீர் நாளை அங்கே குறித்து, தெருக்குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் எழுதுங்கள். நாள் மாறினால் முந்தின நாள் மாலைக்குள் தகவல் சொல்லுங்கள். ஆறு மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். அதன்பிறகு என் வீட்டு டிரம்மில் புழு இருந்தால், அபராதத்தை நான் வாக்குவாதம் செய்யாமல் கட்டுகிறேன்.

அப்பத்தாவின் ரசீது நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த 500 ரூபாயைத் திருப்பித் தர வழியிருந்தால் தயவுசெய்து தரவும்.

கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைக்க வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. மாலை ஐந்து மணிக்கு மேல், அங்கன்வாடித் திண்ணையில் வைத்தால் எல்லோரும் வருவோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பெண்கள் சார்பில்,
மகளிர் குழுச் செயலாளர்