மருந்துக் கவரில் எழுதிக் கொடுத்த அம்மாவுக்கு

நேற்று மதியம் தபால் வந்தது. அம்மா கவரைப் பிரிக்கவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம்தான் பிரித்தோம். அம்மா பிரெஞ்சுக் குடிமகள் என்று காட்டும் தாள் கிடைத்துவிட்டது.

அம்மா அப்பா கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறாமல் போனதால் அதற்காக அலைந்த எங்கள் கதை உங்களில் பலருக்குத் தெரியும், முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கடலூரில் 1971-இல் நடந்த கல்யாணத்துக்குச் சாட்சி தேடி வெயிலில் அலைந்த சித்தப்பா, மூன்று தாளில் மூன்று விதமாக இருந்த அம்மா பெயரை ஒன்றாக்கிக் கொடுத்த வக்கீல் தம்பி, காசு வாங்காமல் மொழிபெயர்த்த பிரெஞ்சு வாத்தியார், பிரான்சில் உள்ள நாந்த் நகரப் பதிவகத்துக்கு விடாமல் கடிதம் போட்ட அத்தை மகன், எல்லோருக்கும் எங்கள் வீட்டு நன்றி.

ஆனால் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

நேர்காணலுக்குப் போன அன்று அம்மாவுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சொல்தாவின், அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயின் மனைவியாக இத்தனை வருடம் புதுச்சேரியில் வாழ்ந்தும் அம்மாவுக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது. "பிரெஞ்சில் கேட்டால் என்ன செய்வேன்?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த வயதான அம்மா இதைக் கேட்டார். அவரும் சொல்தா விதவைதான். பையிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்து, மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, கவரின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதினார்: "மொன் மரி எத்தே சொல்தா." என் வீட்டுக்காரர் சிப்பாயாக இருந்தார். "இதை மட்டும் சொல்லும்மா, மீதியைத் தமிழிலேயே கேட்பாங்க" என்றார். தன் முறை வந்தபோது எழுந்திருக்காமல், அம்மாவை முதலில் போகச் சொன்னார்.

அம்மா அந்த ஒரு வரியைச் சொன்னார். உள்ளே இருந்தவர் சிரித்தார், பிறகு தமிழிலேயே பேசினார். நாங்கள் வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

நேற்றிலிருந்து அப்பாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, கொடுத்த 6 மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர் அவர். அவ்வளவு கவனமான மனிதர், தன் கல்யாணத்தை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற மறந்துவிட்டார். 1973 ஜனவரி 9 சட்டத்துக்கு முன்பு பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குக் கல்யாண நாளிலேயே அந்தக் குடியுரிமை வந்துவிடும், தனியாகக் கேட்கவே வேண்டாம். அப்படியானால் அம்மா தாலி கட்டிக்கொண்ட அன்றிலிருந்தே பிரெஞ்சுக் குடிமகள். அதைக் காட்ட ஒரு தாள் இல்லாமல்தான் இத்தனை காலம் விண்ணப்பதாரராகவே நின்றார். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். சொல்தா குடும்பத்தில் யாருக்காவது கல்யாணத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டுப்போயிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். எந்தத் தாள் எங்கே போக வேண்டும் என்பது இப்போது எனக்கு மனப்பாடம், கூடவே வருகிறேன்.

அந்தப் பெரியம்மா யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து தகவல் சொல்லுங்கள். சற்றுக் கூன் விழுந்திருக்கும், வலது கையில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று. கவர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அம்மா நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்.