அறுபது பேர் நடுவே ஒரு கிட்டார்: நன்றி மடல்

ஜாஸ் கிட்டார் கலைஞர் பில் ஃப்ரிசெலின் 'ஆர்க்கெஸ்ட்ராஸ்' (புளூ நோட், 2024) இசைப்பதிவுக்காக உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

பெல்ஜியத்தில் ஏறக்குறைய அறுபது பேர் கொண்ட பிரஸ்ஸல்ஸ் ஃபில்ஹார்மானிக், இத்தாலியில் பதினொரு பேர் கொண்ட உம்ப்ரியா ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டோடும் அவர் மேடையில் வாசித்தது இதில் இருக்கிறது. 1951-இல் பிறந்த ஃப்ரிசெல், மெல்ல வாசிப்பதையே பலமாக்கிக்கொண்டவர். அந்த மென்மை அமுங்காமல் காத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் நன்றி, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசையை அமைத்து எழுதிய மைக்கேல் கிப்ஸ் ஐயாவுக்கு. கிட்டார் அதிகம் புழங்கும் ஸ்தாயியில்தான் வயோலா, செல்லோ, ஹார்ன் மூன்றும் இருக்கின்றன. அங்கே அடர்த்தியாக எழுதிவிட்டால் கிட்டார் காணாமல் போகும். ஆம்ப்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) கூட்டினாலும் தீராது. சத்தம் ஏறும், தெளிவு ஏறாது. ஆகவே பிரச்சினையை இசை எழுதும் தாளிலேயே தீர்த்தாக வேண்டும். கிப்ஸின் எழுத்தில், கிட்டார் பேசும் இடத்தில் மற்றவை ஒதுங்கி நிற்கின்றன. 1983-இல் வெளிவந்த ஃப்ரிசெலின் 'த்ரூஅவுட்' என்ற இசை இங்கே எப்படி விரிகிறது என்று கேட்டாலே புரியும்.

நடத்துநர்கள் அலெக்சாண்டர் ஹான்சன், மானுவேலே மொர்பிதினி இருவருக்கும் நன்றி. மூவர் குழுவில் தனி வாசிப்பை எத்தனை சுற்றும் நீட்டலாம். அறுபது பேரோடு அது நடக்காது. அடுத்த பகுதிக்கு எப்போது போவது என்பதை ஒரு கை காட்ட வேண்டும். தாளச் சிக்கல் வேறு. பன்னிரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு டிரம்ஸ் சுமார் 35 மில்லிநொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். காதை நம்பி வாசித்தால் பின்வரிசை இழுக்கும், கையைப் பார்த்து வாசித்தால் சேரும். அதைவிடக் கடினம் லூப், அதாவது வாசித்த துணுக்கைக் கருவி பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவது. ஓடத் தொடங்கிய லூப் எந்த நடத்துநரின் கைக்கும் அடங்காது.

ஃப்ரிசெலின் மூவர் குழுவில் ரூடி ராய்ஸ்டன் டிரம்ஸை அடக்கி வாசிப்பதற்குத் தனி நன்றி. சிம்பல் சத்தம் வயலின் மைக்குகளில் புகுந்துவிட்டால், பிறகு மிக்ஸிங்கில் பிரித்தெடுப்பது மிகக் கடினம். தாமஸ் மார்கனின் பாஸுக்கும் எங்கள் அன்பு.

இப்படிப்பட்ட மேடைகளில் பெயர் தெரியாமல் உழைப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பலவும் 442 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கும். சுருதி பார்க்கும் கிட்டார் ட்யூனரோ வழக்கமாக 440-இல் வரும். மாற்ற மறந்தால், சுருதி கொடுக்கும் ஓபோ என்ற குழல் வாத்தியத்தோடு சேரும் 'ஏ' ஸ்வரம் நொடிக்கு இரண்டு முறை நடுங்கும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிங்கிள் காயில் பிக்கப்பின் ஹம் (இரைச்சல்), கிளப்பில் யாருக்கும் கேட்காது. வயலின் போன்ற தந்தி வாத்தியங்கள் மெல்ல ஓய்ந்து அடங்கும் இடத்தில் அரங்கம் முழுக்கக் கேட்கும். ஆம்ப்பை வயோலாக்காரரின் காதுக்கு நேரே வைத்தால் அவருக்குத் தன் வாசிப்பே கேட்காது. அரையடி திருப்பி, கொஞ்சம் உயர்த்தி வைக்கும் கைகளுக்கு நன்றி.

பக்கம் திருப்பும் இடம், வாசிக்காமல் ஓய்ந்திருக்கும் நேரத்தில் விழும்படி ஒவ்வொரு இசைத்தாள் பிரதியையும் தயாரிக்கும் படியெடுப்பாளர்களுக்கும் நன்றி.

அன்புடன்,
மேடை ஒலி வேலையில் இருக்கும் தமிழ் ரசிகர்கள்