மேற்காலத் தோட்டத்தை விற்காதே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மஞ்சள் விலை பற்றி நீ கேட்டதற்குப் பதில் அப்புறம் எழுதுகிறேன். உன் மகள் அம்மிணி சர்வதேசச் சட்டம் படிக்க ஐரோப்பா போகிறதாம், அதற்காக நீ மேற்காலத் தோட்டத்துக்குக் கிரயம் பேசுகிறாயாம். பழனிச்சாமி மாமா சொல்லித்தான் தெரியும். எப்போதும் போல யாரிடமும் ரோசனை கேட்காமல் பேச்சை முடித்துவிட்டாயா? அட்வான்ஸ் வாங்கவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் கை நீட்டாதே.

பிள்ளையின் ஆசையில் எனக்கு உன்னைவிடச் சந்தோசம். நம் பக்கத்துக்கு எட்டாத படிப்பு என்று உன் தம்பி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. சட்டம் படித்த கோயமுத்தூர்க்காரர் ஆர்.கே.சண்முகம் செட்டியார்தான் 1938இல் ஜெனீவாவில் பன்னாட்டுச் சங்கத்திலும், 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவர்தான். குமாரமங்கலம் சுப்பராயன் இந்தோனேசியாவுக்குத் தூதராகப் போனார்.

நான் பயப்படுவது வரிசையைப் பற்றி: முதலில் இங்கே தொழில், பிறகுதான் வெளிநாட்டுப் படிப்பு. சர்வதேச நீதிமன்றம் இருக்கிற ஹேக் என்றாலே, வக்கீல் ஹரீஷ் சால்வே 1 ரூபாய் பீஸுக்கு, பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற நம் நாட்டுக்காரர் குல்பூஷண் ஜாதவ் வழக்கை நடத்தியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த வழக்கு எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது என்று அம்மிணியைக் கேள். சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டும்தான் கட்சிக்காரர்கள். எதிர்த்தரப்பு நாடு ஏதாவது ஒரு வகையில் சம்மதம் தந்திருந்தால்தான் வழக்கே எடுபடும். 1999 ஆகஸ்டில் கட்ச் பக்கம் பாகிஸ்தான் கடற்படை விமானத்தை நம் விமானப்படை சுட்டு வீழ்த்தியது. 16 பேர் செத்தார்கள். பாகிஸ்தான் ஹேக்குக்குப் போனது. சுட்டது சரியா தப்பா என்ற கட்டத்துக்கு வழக்கு போகவே இல்லை. காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறுக்கு இந்த நீதிமன்றத்தை ஏற்கமாட்டோம் என்று 1974இலேயே இந்தியா எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஒரு வரியை வைத்து 2000 ஜூனில் 14க்கு 2 என்று, விசாரிக்க அதிகாரமில்லை எனத் தீர்ப்பாயிற்று.

அதே வரி 2017இல் ஜாதவ் வழக்கில் நமக்கும் குறுக்கே நின்றிருக்கும். அதனால் நம் ஆட்கள் அந்த வழிக்கே போகவில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தோடு விருப்ப நெறிமுறை ஒன்று உண்டு. அந்த ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் ஹேக்குக்குப் போகலாம் என்பது அது. இரண்டு நாடும் அதில் கையெழுத்திட்டவை. கைதானவரைப் பார்க்கத் தூதரக அதிகாரியை விட்டார்களா என்ற 36ஆவது ஷரத்தைப் பிடித்து வழக்கைப் போட்டார்கள். 2019 ஜூலை 17இல் 15க்கு 1 என்று இந்தியா ஜெயித்தது. ஆனால் கேட்ட விடுதலை கிடைக்கவில்லை. தண்டனையை மறுபரிசீலனை செய் என்ற உத்தரவுதான் வந்தது. உள்ளே போன வாசல் அவ்வளவு குறுகல்.

எந்த வாசலில் உள்ளே போவது என்று பார்க்கிற இந்தக் கண் நம் ஈரோடு சப் கோர்ட்டிலேயே திறக்கும், மாப்ளே. பிராதில் இந்தக் கோர்ட்டுக்கு விசாரிக்க எப்படி அதிகாரம் என்று எழுதச் சொல்கிறது சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 7 ரூல் 1. அதிகாரம் இல்லையென்றால் ரூல் 10இல் பிராதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஹேக் நீதிமன்ற விதிகளும் மனுவில் இதையேதான் கேட்கின்றன. திருப்பூரில் பாரு, வெளிநாட்டு பையர் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் சரக்கைக் கப்பல் ஏற்றுகிறார்கள். பணம் நின்றுபோனால் இங்கே கோர்ட்டில் வாங்கிய தீர்ப்பை அமெரிக்காவில் நேராக நிறைவேற்ற ஒப்பந்தம் எதுவும் இல்லை. கோர்ட்டுக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தரும் தீர்ப்பு என்றால் 1958 நியூயார்க் ஒப்பந்தப்படி பெரும்பாலான நாடுகளில் செல்லும். அதற்கு ஆர்டரிலேயே சட்டப்படியான இருக்கை (எந்த ஊர்ச் சட்டமும் கோர்ட்டும் அந்த நடுவர் விசாரணையைக் கட்டுப்படுத்தும் என்பது) எந்த ஊர், எந்த அமைப்பின் விதி, எத்தனை நடுவர், எந்த மொழி என்று எழுத வேண்டும். இருக்கை எது, விசாரணை நடக்கும் இடம் எது என்று தெளிவில்லாமல் விட்டால் அந்தச் சண்டையிலேயே வருசங்கள் போய்விடும். இதைச் சரியாக எழுதித் தரத் தெரிந்த ஆளுக்கு இங்கேயே வேலை கிடக்கிறது.

மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்கிறதாமே பிள்ளை? மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது 1992 ரியோ சுற்றுச்சூழல் பிரகடனத்தில் உள்ள கொள்கை. 1996இல் வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நம் நாட்டுச் சட்டமாகவே ஏற்றது. நொய்யல் விவசாயிகள் சாயப்பட்டறைக்கு எதிராக நின்றதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வெள்ளாமை போனவர்களுக்கு ரியோ தூரம் இல்லை.

இனிப் பணக் கணக்கு. ஹேக்கில் நீதிபதிகளோடு ஏறக்குறைய 10 மாதம் வேலை பார்க்க ஜுடிஷியல் ஃபெலோஷிப் உண்டு. தனியாக விண்ணப்பிக்க முடியாது. படித்த பல்கலைக்கழகம்தான் பெயர் கொடுக்க வேண்டும், செலவுப் பணமும் அதுவே தர வேண்டும். ஆனால் வளரும் நாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பும் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு 2021 முதல் தனி நிதி இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் பெயர் கொடுத்தால் அது கிடைக்காது. தோட்டமும் போய், இந்த வழியும் அடைபடும்.

அதனால் முதலில் அகில இந்திய பார் தேர்வை எழுதட்டும், மூன்று வருசம் இங்கே பிராக்டீஸ் பண்ணட்டும். உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புப்படி முன்சீப் தேர்வுக்கும் அந்த மூன்று வருசம் கட்டாயம் என்பதால் எதுவும் வீண் போகாது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட விரிவுரைகள் இணையத்தில் இலவசம், ராத்திரியில் கேட்கலாம். கோடையில் ஹேக் அகாடமி மூன்று வார வகுப்பு நடத்துகிறது, உதவித்தொகையும் உண்டு. பிறகு எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பை ஸ்காலர்ஷிப்போடு தேடலாம். வெளியுறவு அமைச்சகத்தில் சட்ட, ஒப்பந்தப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. யு.பி.எஸ்.சி. விளம்பரத்தைக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.நா. இளம் அலுவலர் தேர்வுக்கு 32 வயது வரை இடம் உண்டு, ஆனால் எந்தெந்த நாட்டுக்கு வாய்ப்பு என்பது வருசா வருசம் மாறும். அம்மிணிக்கு 23தானே ஆகிறது!

வருகிற சனிக்கிழமை பிள்ளையை அட்மிஷன் கடிதத்தோடு அனுப்பு. சேரும் வருசத்தைத் தள்ளிப்போட விடுவார்களா, கட்டிய முன்பணம் திரும்புமா என்று இரண்டு பேரும் வரி வரியாகப் பார்த்துவிடுகிறோம். கிரயக்காரரிடம் இன்றைக்கே பேசி நிறுத்து. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான்,
சென்னியப்பன்