மலேரியா குறைந்ததை எதைக் கொண்டு அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒடிசா மலைக்கிராமங்களின் மலேரியா ஒழிப்புப் பணி குறித்த கட்டுரையைப் படித்தோம். 2016-இல் அம்மாநிலத்தில் சுமார் 4.4 லட்சமாக இருந்த நோயாளிகள் 2018-இல் 66 ஆயிரம் அளவுக்கு இறங்கியது பெரிய சாதனை. 2017-இல் வீடுவீடாகப் போன மருந்தூட்டிய கொசுவலைகளுக்கும் எளிதில் போக முடியாத ஊர்களில் நடக்கும் ‘தமன்’ மலேரியா முகாம்களுக்கும் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களின் நடைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எத்தனை பேருக்கு ரத்தம் பரிசோதித்தார்கள் என்பது கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

ஆயிரம் பேர் வாழும் ஊரில் 100 பேரைப் பரிசோதித்து 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு, ஒரு சொட்டு ரத்தத்தில் நோயைக் காட்டும் பரிசோதனைப் பட்டைகள் வந்துசேராமல் 40 பேரை மட்டும் பார்த்து 4 பேருக்கு நோய் கண்டால், ஆயிரத்துக்குப் பத்து என்ற கணக்கு நான்காகிவிடும். நோய் துளியும் குறைந்திருக்காது; பரிசோதித்த பத்துப் பேரில் ஒருவருக்கு அப்போதும் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, தமன் முகாமில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் ரத்தம் பார்ப்பதால் எண்ணிக்கை ஏறும். அந்த ஏற்றத்தைத் தோல்வி என்று எழுதினால், அடுத்த முறை ஊழியர்கள் பரிசோதனையைத்தான் குறைப்பார்கள்.

பட்டையையும் கண்ணை மூடி நம்ப முடியாது. பால்சிபாரம் என்ற வகை மலேரியா குணமான பிறகும் சில வாரங்கள் அது நோய் இருப்பதாகவே காட்டும். அண்மையில் மருந்து உண்டவருக்குக் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் சரி. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் கிடந்த பட்டைப் பெட்டி கெட்டுப்போகும். உறையில் அச்சிட்ட நேரம் கடந்து பார்த்தால் பொய்க்கோடு தோன்றும்.

கொசுவலையில் வழங்கிய கணக்கு பாதிதான். இருவருக்கு ஒன்று என்று கொடுத்திருந்தாலும், மதிப்பீட்டாளர் விடியுமுன் போய்ப் பார்க்க வேண்டும்: கட்டியிருக்கிறதா, உள்ளே யார் படுத்திருக்கிறார்கள், ஓட்டை எவ்வளவு? புது வலையை ஒரு நாள் நிழலில் ஆறவிடாவிட்டால் முகம் எரியும். அந்த எரிச்சலிலேயே மடித்து வைத்துவிடுவார்கள். துவைத்து வெயிலில் காயவிட்டால் மருந்தின் வீரியம் போகும். அறுவடைக் காலத்தில் வயற்குடிலில் காவலிருப்பவருக்கு வீட்டிலுள்ள வலையால் என்ன பயன்? சுவரில் தெளித்த கொசுமருந்தும் அப்படித்தான். திருவிழாவுக்குச் சாணமோ மண்ணோ பூசி மெழுகினால் அடியில் புதைந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் பெறாதது வைவாக்ஸ் என்ற மற்றொரு வகை மலேரியாவுக்கான சிகிச்சை. மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் நின்றுவிடுகிறது; பதினான்கு நாள் உண்ண வேண்டிய பிரைமாகுயினில் பாதி மாத்திரை அட்டையிலேயே தங்கிவிடுகிறது. கல்லீரலில் மிஞ்சிய கிருமி சில மாதங்களில் கிளம்பும்போது அது புதிய நோயாளியாகப் பதிவாகிறது. காலி அட்டையை எண்ணினால்தான் உண்மை தெரியும். அப்போதே சிறுநீர் கறுத்ததா என்றும் கேட்க வேண்டும். கறுத்திருந்தால் பிரைமாகுயின் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள்; மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மாவட்டச் சராசரியோடு நிற்காமல், மழையில் ஓடை பெருகி வழி அடைபடும் குக்கிராமங்களின் பரிசோதனை எண்ணிக்கையைத் தனியே கேட்டு வாங்கி, அடுத்த கட்டுரையில் வெளியிடுங்கள்.

பொது சுகாதாரக் களப்பணியாளர்கள்,
தருமபுரி